வெயிலுக்குப் படங்கு போட்டவள்

ஜெயரூபி நடந்துகொண்டே கனவு காண்கிறவள் என்பது சல்லி ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலில் நின்று முகில் பார்ப்பாள். சோறு குழைந்த பிறகுதான் குசினி நினைவுக்கு வரும். ஆனால் ஒரு காலத்தில் ஊரே அவளிடம்தான் வானிலை கேட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூடை மீனைக் கருவாட்டுக்குக் காயப்போடும் பெண்கள் காலையில் அவள் வாசலுக்கு வருவார்கள்.

"ஜெயரூபி, இண்டைக்குப் பரப்பலாமோ?"

அவள் ஓம் என்றால் ஓம்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதத்தில் அந்த ஓம் பொய்த்துப் போனது. மழை எட்டியும் பார்க்கக் கூடாத மாதம் அது. நடுப்பகலில் கொட்டத் தொடங்கி இரண்டு நாள் விடவில்லை. பதினொரு பெண்களின் கருவாடு புழுத்தது. அதிகம் இழந்தவள் பக்கத்து வீட்டு இலட்சுமி. அவள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் ஒரு நாளோடு தீர்ந்திருக்கும். குழம்பு கொடுத்தாள், வாங்கினாள், பிள்ளையின் காய்ச்சலில் இருந்து அம்மன் கோயில் பொங்கல் வரை எல்லாம் கதைத்தாள். மழை வெயிலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பரப்பலாமோ என்ற அந்த ஒரு கேள்விக்காக ஜெயரூபி மூன்று வருடம் ஏங்கிக் கிடந்தாள்.

போன வருடம் ஊருக்குப் பின்னால் உள்ள தரிசு நிலத்தில் ஒரு மின்சாரக் கம்பனி சோலார் தகடுகளைப் பூட்டியது. கெட்டுப்போன காலநிலையைத் திருத்தப் போகிறோம் என்று பெரிய பலகையும் வைத்தார்கள். அந்த மின்சாரத்தில் கடற்கரையில் ஓர் ஐஸ் அறை ஓடியது. ஊர் ஆட்கள் பிடித்த மீன் இனி மழையிலும் கெடாது என்றார்கள். தகடு கழுவ நான்கு பெண்களை எடுத்தபோது ஜெயரூபியும் போனாள்.

அந்த வேலை அவளுக்கென்றே செய்தது போலிருந்தது. வெயில் ஏற ஏறத் தகடுகள் நீலமாய் நெளியும். கொக்கு ஒன்று தண்ணீர் என்று நினைத்து இறங்கி, கால் சுட்டு எழும்பிப் போகும். ஜெயரூபி வாளியும் துணியுமாக அந்த நீலத்துக்குள் மெல்ல நடப்பாள். இங்கே வெயிலைப் பிடித்துக் காயவைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். ஒருநாள் மதியம் அது தோன்றுவதோடு நிற்கவில்லை.

மேற்கே ஒரு முகில் கறுத்தது. அவள் களஞ்சிய அறைக்கு ஓடி, மழைக்குச் சாமான் மூடும் படங்குகளை இழுத்து வந்தாள். மற்றப் பெண்களையும் கத்திக் கூப்பிட்டாள். என்ன ஏது என்று கேட்காமல் அவர்களும் ஓடினார்கள். கருவாட்டுக்காரிகளின் கை அப்படித்தான். சுள்ளென்று எறித்த வெயிலில் நான்கு வரிசைத் தகடுகளை மூடி, மூலைக்கு மூலை கல்லும் வைத்தார்கள். மின்சாரம் சடுதியாக இறங்க, பொறியியலாளர் யுகேந்திரன் வெளியே ஓடி வந்தான்.

"அக்கா, என்ன செய்யிறீங்கள்?"

"மழை வருது தம்பி. நனைஞ்சால் கெட்டுப்போகும்."

"எது கெட்டுப்போகும்?"

ஜெயரூபி தகட்டைப் பார்த்தாள். கனவு கலைந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. யுகேந்திரனும் சிரித்துக்கொண்டு நின்றபோது முதல் துளி அவன் மூக்கில் விழுந்தது. மணிக்கூட்டைப் பார்த்தான். அவள் ஓடத் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. சிரிப்பை நிறுத்தினான்.

காரணம் இருந்தது. அந்தப் பெரிய பலகைக்குப் பின்னால் ஒரு டீசல் எஞ்சின் பகல் முழுக்கப் புகைந்தது. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில். முகில் திடீரென்று மறைத்து மின்சாரம் இறங்கினால் ஐஸ் அறையின் மோட்டர் எரிந்துவிடும். திருத்துகிறவர் கொழும்பிலிருந்து வருவதற்குள் மீன் நாறிவிடும். நின்ற எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பயந்து நாள் முழுக்க எரித்தார்கள். பற்றரி அடுத்த வருடம் வரும் என்றது கம்பனி. கம்பனிக்கு எந்த வருடமும் அடுத்த வருடம்தான்.

"முகிலை நீங்கள் பாத்துச் சொன்னால் எஞ்சினை நிப்பாட்டலாம் அக்கா."

"ஏலாது தம்பி. வானம் முந்தின மாதிரி இல்லை. என்ரை வாயை நம்பி ஒருக்கா ஊரே அழுதது."

"நாளைக்கு என்ன எண்டு கேக்கேல்லை. கண்ணுக்குத் தெரியிற முகில் இஞ்சை வருமோ, வராதோ? அரை மணித்தியாலம். அவ்வளவுதான்."

ஐஸ் அறையில் கிடந்தது இலட்சுமி புருஷனின் மீனும்தான். ஜெயரூபி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் முகில் பார்க்கத் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு எஞ்சினை நிறுத்தினார்கள். அதுவரை அங்கே கடல் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. முதல் முகில் வடக்கே நிலாவெளி ஊர்ப் பக்கம் போனது. இரண்டாவது தலைக்கு நேரே வருவது போல வந்து தொங்கியது. புழுத்த கருவாட்டை வாரிக் குழியில் போட்ட இலட்சுமியின் கை ஜெயரூபியின் கண்ணுக்குள் வந்தது. முகிலின் ஓரத்தையே பார்த்தாள்.

"இது எங்களுக்கில்லை," என்றாள்.

அது கடலுக்குப் போனது. இரண்டு மணிக்கு வந்த மூன்றாவதைப் பார்த்ததும், "இது வரும். எஞ்சினைப் போடுங்கோ," என்று கத்தினாள். நிழல் தகடுகளின் மேல் நடந்து வந்தபோது எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் அறையின் விளக்குகூட மங்கவில்லை.

அவள் வீட்டுக்கு வருமுன்பே கதை சல்லிக்கு வந்துவிட்டது. பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் இலட்சுமி கையில் மீன் செதிளோடு நின்றாள்.

"ஜெயரூபி, நாளைக்குப் பரப்பலாமோ?"

ஜெயரூபிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓம் என்று சொல்ல எவ்வளவு ஆசை!

"நாளைக்கு எண்டு எனக்குத் தெரியாது இலட்சுமி. இப்ப ஆருக்கும் தெரியாது. காலமை வா, பாத்துச் சொல்லுறன்."

விடியும்போது இலட்சுமி வாசலில் நின்றாள். படங்கையும் கொண்டு வந்திருந்தாள்.