கை நனைக்க வந்த மொதலாளி

எங்கள் பெரிய மொதலாளியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது என் வீட்டுச் சமையலறையில். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் கிண்டிய களியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போது கை கழுவுவாரோ என்று நான் பயந்தபடி எதிரில் நின்றேன். ஏன் என்று எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் டைம் கீப்பர். கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுகிறவன். சொல்லாமல் லீவு போட்டவர்களின் வீட்டுக்கே போய் விசாரிப்பதும் என் வேலைதான். இந்த வேலை பார்க்கிறவனை யாரும் பிரியமாகப் பார்ப்பதில்லை. இந்த வேலையைப் பார்த்தவர் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார். பாலக்கோட்டுக்கு வெளியே இருந்தது கம்பெனி. இரும்பை உருக்கி, கரும்பு ஆட்டும் ஆலைகளுக்கு உருளையும், வெல்லம் காய்ச்சும் கொப்பரையும் செய்தோம். மொதலாளியின் தாத்தா தொடங்கியது. அவர் வைத்த ஒரு சட்டத்தைத்தான் எண்பதுகளிலும் நாங்கள் சுமந்துகொண்டிருந்தோம்.

சட்டம்

சட்டம் இதுதான். ஓர் ஆளை வேலையை விட்டு நிறுத்த வேண்டுமானால் கேட்டில் வைத்துச் சொல்லக்கூடாது. மொதலாளி குடும்பத்து ஆள் நிறுத்தப்படுகிறவனுடைய வீட்டுக்குப் போக வேண்டும். அவன் வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். அதன் பிறகு, அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் யார், யார் வீட்டில் கை நனைப்பார்கள் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். தாத்தா அதையெல்லாம் யோசித்தாரா, தெரியாது. சட்டத்தில் எந்தத் தெருவுக்கும் விலக்கு இல்லை.

நான் சேர்ந்த புதிதில் உலையடியில் வேலை பார்த்த ஒருவன் சண்டையில் இன்னொருவன் தலையில் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். அடிபட்டவன் பிழைத்ததே பெரிது. அடித்தவனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அவனுடைய ஊர் பென்னாகரம் பக்கம். மொதலாளி பஸ்ஸில் போனார். வழிகாட்ட நானும் போனேன். அவருக்கு முன்னால் வைத்த தட்டு, ஊரில் அவருடைய சாதிக்காரர் யாரும் தொடாத வீட்டுத் தட்டு. குனிந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, அவன் மனைவி, தகப்பன், பிள்ளைகள் எல்லோரும் கேட்க, "இவன் கைக்கு நம்ம உலை ஆகாதும்மா. வேற வேலைக்கு நானே சொல்லி விடறேன்" என்றார். ஒருத்தரும் அழவில்லை. வேலை போனவன் எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தான். மொதலாளி ஏறிய பிறகு என் சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொன்னான்: "வேலைய விட்டு எடுத்துட்டாருதாங்க. ஆனா பாருங்க, ரெண்டாவது தடவையும் சோத்துக்குச் சாறு கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டாரு."

கறிச்சோறு

இந்தச் சட்டத்தால் மொதலாளிக்கு ஒரு கஷ்டம் வந்தது. கம்பெனி ஆள்காரர்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் போனால் யாரும் அவருக்குச் சோறு போட மாட்டார்கள். போட்டால் வேலை போய்விடும் என்று பயம். விசேஷச் சாப்பாடு வேறு, அந்தச் சாப்பாடு வேறு என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

கடத்தூர்ப் பக்கம், இரும்பை ஊற்றும் மண் அச்சு செய்கிற எங்கள் அச்சு வேலைக்காரர் ஒருவரின் மகளுக்குக் காதுகுத்து. ஆட்டுக்கறி வாசனை பஸ் நிறுத்தம் வரை வந்தது. மொதலாளிக்கு நாற்காலி போட்டார்கள், விசிறி கொடுத்தார்கள், கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பந்தி மேல் பந்தியாக நடந்தது. அவருக்கு மட்டும் இலை போடவில்லை. கடைசியில் அச்சு வேலைக்காரரின் அக்கா வந்து, "கோச்சுக்காதீங்க மொதலாளி. உங்களுக்கு எலை போட்டா எந்தம்பி எலைய எடுத்த மாதிரிங்க" என்று வெற்றிலைத் தட்டை நீட்டினார். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். நான் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். திரும்பி வரும்போது மொதலாளி ஒரு டீக்கடையில் காரை நிறுத்தச் சொல்லி, பன்னைத் தண்ணீர் டீயில் நனைத்துத் தின்றபடி சொன்னார்: "எங்க தாத்தனாலே எனக்குக் கறிச்சோறு போச்சுப்பா."

திருப்பிப் போட்ட சட்டம்

உருளை கடைகிற லேத்துக்காரன் ஒருவனுக்குப் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்தது. அவனை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. எப்படிச் சொல்வது என்று என்னிடம் யோசனை கேட்டான். நான் கையை விரித்துவிட்டேன். அவன் மறுநாள் காலை குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, மொதலாளி வீட்டுக்கு நேராகப் போய்க் கூடத்தில் உட்கார்ந்துவிட்டான். "என்னாப்பா இந்நேரத்துல?" என்று வீட்டுக்கார அம்மா கேட்க, "ஒண்ணுமில்லீங்க, ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றிருக்கிறான். அந்த அம்மா சந்தோஷமாகத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்த மொதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயில் நுரையோடு ஓடி வந்து கத்தினாராம்: "அவனுக்குத் தோசை போட்டுறாத!"

புகை இல்லாத தெரு

எண்பதுகளின் நடுவில் மழை பொய்த்தது. கிணறுகள் வறண்டன; கரும்பு காய்ந்தது. கரும்பு இல்லாத ஊரில் ஆலை உருளையை யார் வாங்குவார்? செய்து வைத்த உருளைகள் முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்தன. பாங்கிலும் கை விரித்தார்கள். மொதலாளியின் மகன், நாங்கள் சின்ன மொதலாளி என்போம், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்தவர். "பாதிப் பேரை நிறுத்தலேன்னா மீதிப் பேருக்கும் சோறு இருக்காதுப்பா" என்றார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. மொதலாளி அன்று முழுவதும் முற்றத்து உருளைகளையே சுற்றி வந்தார். மறுநாள், "சரி, நீயும் வா. சேர்ந்தே சாப்பிடலாம்" என்று மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழி காட்ட நான்.

முதல் வீட்டில் நெல்லுச்சோறு போட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் நெல்லுச்சோறு எப்படி வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து, "அக்கா, காலையில எங்கிட்ட அரிசி கடன் வாங்குனியே, அந்தப் படியக் குடு" என்று கேட்டார். மொதலாளி சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டார். "சட்டப்படி சாப்பிட்டாச்சே, சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் மகன்.

மறுநாள் கம்பெனிக்குப் பின்னால் இருந்த எங்கள் தெரு. ஆள்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் குடியிருந்தோம். உச்சி வேளைக்குப் போனால் எந்த வீட்டுக் கூரையிலிருந்தும் புகை வரவில்லை. முதல் வீட்டில் மொதலாளி, "என்னாம்மா, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார்.

"அடுப்பே பத்த வைக்கலீங்க."

"பழையது இருக்குமே?"

"நாய்க்கு ஊத்திட்டனுங்க."

"ஒரு வாய் மோரு?"

"மாடு ஒதச்சிருச்சுங்க."

அந்த வீட்டில் மாடே கிடையாது. அடுத்த வீட்டிலும் அடுப்பு பற்றவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. பிள்ளைகளுக்குக்கூட விடியும் முன்னே கூழ் ஊற்றி, சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று வெறும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஆண்கள் கம்பெனிக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் மொதலாளி எந்தத் தெருவுக்கு வரப்போகிறார் என்று முந்தின நாள் என் மனைவி ஆரோக்கியத்திடம் சொன்னவன் நான் ஒருவன்தான். மொதலாளியின் முகத்தைப் பார்க்காமலே நடந்தேன்.

கடைசியில் என் வீடு. வாசலில் ஆரோக்கியம் நின்றாள். வெயிலில் மொதலாளியின் உதடு வெளுத்திருந்தது. "ஒரு சொம்பு தண்ணியாவது குடும்மா" என்றார். அவள் உள்ளே போகாமல் கேட்டாள்: "குடுக்கறனுங்க. தண்ணி, சாப்பாட்டுக் கணக்குல வருங்களா?"

மொதலாளி தெருவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "வராதும்மா" என்றார். தண்ணீர் வந்தது. அண்ணாந்து குடித்தார். குடித்துவிட்டு மகனிடம், "இந்தத் தெருவுல நமக்குச் சோறு கெடைக்கல. யாரையும் நிறுத்த முடியாது" என்றார். மகனுக்குக் கண் சிவந்துவிட்டது. "வெளையாட்டாப்பா இது? கம்பெனி மூழ்கப்போவுது!"

ஆரோக்கியம் அதற்கும் நகரவில்லை. "இருக்கற வேலைய எல்லாருக்கும் பாதிப் பாதியாப் பிரிச்சுக் குடுங்க சின்னய்யா. பாதி வயிறு எங்களுக்குப் புதுசில்ல. யாரோ ஒருத்தி அடுப்பு மட்டும் அணைஞ்சு, பக்கத்து வூட்டுல நான் எப்பிடிங்க பத்த வைப்பேன்?"

என் வேலை அங்கேயே போய்விடும் என்று நினைத்தேன். அவளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பக்கத்துக் கடைக்குப் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவள் அவள். சின்ன மொதலாளி தலையைக் குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டினார்: "எனக்கும் ஒரு சொம்பு குடுங்கம்மா."

அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கு மூன்று நாள் வேலை. மொதலாளி வீட்டிலும் பாதிதான். காரை விற்றுவிட்டு அப்பாவும் மகனும் சைக்கிளில் வந்தார்கள். மழை திரும்பும் வரை ஒருவரும் நின்றுபோகவில்லை.

கட்டி விழுந்த களி

ஆரோக்கியம் மூன்று வருஷம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் ஒரே மகள் சேலத்தில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தனியாகக் கிடந்தேன். காலையில் எழுந்திருக்க மனசு வராது. கேட்டைத் திறக்க வேண்டிய டைம் கீப்பரே தாமதமாகப் போக ஆரம்பித்தேன். மற்றவர்களுடைய தாமதத்தை எந்த முகத்தோடு எழுதுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் மொதலாளி என் வாசலில் நிற்கிறார். தனியாக. "சாப்பாடு இருக்குதா?" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. மகளுடைய படிப்புதான் கண்முன் வந்தது. ஆனாலும் அடுப்பைப் பற்ற வைத்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு ஆரோக்கியத்தின் நெஞ்சு கிடையாது. கேழ்வரகு மாவைப் போட்டுக் கிண்டினேன். அவர் உட்கார்ந்து, நிதானமாக, உருண்டையைப் பிட்டுப் பிட்டுக் குழம்பில் தொட்டு முழுங்கினார். அவர் சொல்வதற்கு முன் நானே கேட்டுவிட்டேன்: "நாளையிலிருந்தே நின்னுக்கட்டுங்களா?"

"எங்க நிக்கற?"

"வேலைய விட்டுங்க."

அவர் கை தட்டிலேயே நின்றது. அப்புறம் உடம்பு குலுங்கச் சிரித்தார். "அடப்பாவி! அன்னைக்கு உம்பொண்டாட்டி என்னய வெறும் தண்ணியோட அனுப்புனா. அவ கையால ஒரு நாள் சாப்பிடணும்னு இருந்தேன். கூப்புடவே இல்ல, பயந்துக்கிட்டு. சரி, அவ அடுப்புலயாவது சாப்பிடலாம்னு வந்தேன்." தட்டை வழித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார்: "காலையில நேரத்துக்கு வந்துரு. ஆளுங்க வெயில்ல நிக்கறாங்க. அப்புறம், களியில கட்டி விழுந்திருக்குதுப்பா, மாவைக் கொட்டுன ஒடனே கிண்டு."

மறுநாள் சங்கு ஊதுமுன் கேட்டைத் திறந்துவிட்டேன். அவர் அந்த வாரம் கம்பெனிப் பக்கம் வரவில்லை; வாரம் முடியுமுன் தூக்கத்தில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்த கூட்டத்துக்குச் சமைக்க எங்கள் தெருப் பெண்கள்தான் போனார்கள்.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் பிறத்தியார் நேரத்தை எழுதினேன். என் நேரத்தைத் திருத்த ஒருவர் கட்டி விழுந்த களியைத் தின்ன வேண்டியிருந்தது. கம்பெனி இன்றும் ஓடுகிறது, சட்டமும் இருக்கிறது. சின்ன மொதலாளிக்கு இப்போது சர்க்கரை என்பதால், யாரையாவது நிறுத்தப் போனால் களிதான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.