ஒற்றை ஆளாகத் தூக்கியவள்

தையல்காரியின் புருஷன் கிடங்கில் மூட்டை தூக்கியவன். ஆள் நல்ல கனம். ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கையானபோது, அவனைப் புரட்டிப் போடவே மூன்று பேர் வேண்டியிருந்தது. முதல் வாரத்திலேயே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மெஷினில் உட்கார முடியாமல் நின்றபடியே பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தாள்.

பிசியோ டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற ஆள். "வேலை கொடுத்தா சதை வளரும், சும்மா விட்டா கரையும். எலும்பும் அப்படித்தான். ஒரு கால்ல கொஞ்சம் உணர்ச்சி இருக்கு. தொடையில சதை நின்னுச்சுன்னா, ஊன்றுகோல் வச்சு அவர் நிக்கலாம்."

அந்த ஒரு 'நிக்கலாம்' போதும் அவளுக்கு. காலையும் மாலையும் அவன் பாதத்தைத் தன் வயிற்றோடு அணைத்து, "தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க" என்பாள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவான்.

நான்காம் மாதம் இரண்டு பேர் போதுமென்றானது. ஏழாம் மாதம் அவள் ஒருத்தியே அவனை அள்ளி நாற்காலியில் உட்கார வைத்தாள். கை பருத்து அவள் ரவிக்கையே இறுகிப்போய், தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"இனி உங்க வீட்டுக்காரர் வாயைத் திறப்பாரா? ஒரே அடியில சுருண்டுடுவார்!" என்றாள் மாடி வீட்டு அக்கா. அவனும் சேர்ந்து சிரித்தான்.

"ஒடம்பு பழகிடுச்சுக்கா. அவரும் தேறிட்டு வர்றார்ல?" தையல்காரிக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டாம் மாதம் ஆஸ்பத்திரியில் அவனைச் சக்கர நாற்காலியோடு நிறுத்துப் பார்த்து, நாற்காலியின் எடையைக் கழித்தார்கள். நாற்பத்து மூன்று கிலோ. விழுந்த அன்று எண்பத்தொன்று. டாக்டர் அவன் தொடையை டேப்பால் சுற்றி அளந்தார், சீட்டில் எழுதினார். நிற்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. பாவி மனுஷன், ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

நாள் முழுக்க டேப்பும் கையுமாக இருப்பவள் அவனை ஒரு நாள்கூட அளக்கவில்லை. அவன் சட்டைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது என்றே நினைத்தாள்.

வீடு வந்ததும், கட்டிலில் விட அவனைத் தூக்க அவளுக்குக் கை எழவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒடம்பு என்னோடதாச்சே, தெரியாதா? நீ அவ்வளவு சந்தோஷமா தூக்கின. எந்த வாயால சொல்றது?"

அவள் குனிந்து, இரண்டு கைகளையும் அவனுக்கடியில் கொடுத்தாள். எவ்வளவு மெதுவாகத் தூக்கியும் அவன் சட்டென்று மேலே வந்துவிட்டான்.