சட்டைப் பையில் இருந்த ஆயர்

பதினொரு வருடமாக றஜீவனுக்கு அலோசியஸ் அண்ணை மீது ஒரு மனத்தாங்கல். ஆயர் ஒருவர் எழுதிய ஐந்து புத்தகமும் தொலைந்துபோயின என்று அப்போது மனிதர் முகம் வாடிச் சொன்னார். றெயினில்தான் விட்டிருப்பார் என்று நம்பி, சுவிஸின் லுசேர்ன் நிலையத்தில் தொலைந்த பொருட்களைக் கேட்கும் இடத்துக்குப் போய் வரிசையில் நின்றவன் றஜீவன். எப்போது தொலைந்தது என்ற படிவக் கேள்விக்கு என்ன எழுத என்று அவரிடம் தொலைபேசியில் கேட்டபோதுதான், ஆயர் செத்தே ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு மேல் என்று தெரிந்தது. அவர்கள் வாழும் எம்மன்புரூக்கே ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார் அலோசியஸ்.

அவர் மன்னார்க்காரர். ஹோட்டல் துணிகள் வரும் சலவைத் தொழிற்சாலையில், இயந்திரத்துக்கு அடங்காத பெரிய விரிப்புகளைக் கையால் மடிப்பவர். ஒரு முனை அவரிடம், மறுமுனை றஜீவனிடம். மடித்தபடி இருவரும் நெருங்கும்போது அந்த ஆயர் பாப்பியாஸ் பற்றி ஒரு வசனம் சொல்வார். அடுத்த விரிப்புக்கு அடுத்த வசனம். ஆயர் துருக்கிப் பக்கத்து ஆள். மற்றவர்கள் எடுத்து எழுதிய துண்டுகள்தான் மிச்சம். அவற்றை ஜெர்மனிலிருந்து தமிழாக்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

பூசை முடிய தேவாலய மண்டபத்தில் ஆயரைப் பற்றிக் கால்மணி நேரம் பேச விடுங்கள் என்று பங்குச் சபையை ஆறு வருடம் கெஞ்சினார். கிடைத்தது. கிடைத்த கையோடு தொண்டையில் ஒப்பரேசன், குரல் வெறும் காற்றாகிவிட்டது. இந்த ஞாயிறு தவறினால் சபை மாறிவிடும், திரும்ப முதலிலிருந்து கெஞ்ச வேண்டும்.

“எனக்குப் பதிலா நீ ஏறிக் கதை,” என்றார் றஜீவனிடம்.

“நான் எட்டாம் வகுப்பு, அண்ணை. ஆக்கள் சிரிப்பினம்.”

“அந்த ஆயரையும் மூளை குறைஞ்சவர் எண்டு ஒரு பெரிய மனுசன் எழுதி வைச்சிருக்கிறார். பிழையில்லை, போ.”

ஞாயிறு வந்தது. றஜீவன் தாளை விரித்து வாசித்தான். இரண்டாம் வரியிலேயே நாக்குப் பிரண்டது. பின்வரிசை, சாப்பிட வைத்திருந்த ரோல்ஸ் மேசையைப் பார்க்கத் தொடங்கியது. வந்த எரிச்சலில் தாளைப் போட்டுவிட்டு, துணி மடிக்கையில் கேட்டதைக் கேட்டபடியே சொன்னான். வரப்போகும் ராச்சியத்தில் முந்திரிகைக் கொடி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் கிளையாம். ஒரு திராட்சைக் குலையில் கைவைத்தால் பக்கத்துக் குலை, நான் அதைவிடத் திறம், என்னைப் பறி என்று கத்துமாம்.

எங்கள் சபைத் தேர்தல் மாதிரி என்று சபைச் செயலாளர் பிரபாலினியே சொல்ல, மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. கால்மணி அரைமணியாகியும் ஒருவரும் எழும்பவில்லை.

வேர்த்து வழிய வந்தவனை அலோசியஸ் கட்டிப்பிடித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கினார். ஆயர் பாப்பியாஸ் புத்தகத்தைவிட மனித வாயை நம்பியவர். எதையும் யார் சொல்லக் கேட்டது என்று விசாரித்தவர். அந்த ஒன்றைத்தான், இது அலோசியஸ் சொல்லக் கேட்டது என்பதைத்தான், றஜீவன் விட்டிருந்தான்.

காதோடு வாய் வைத்துச் சொன்னார்: “எல்லாம் சரி. ஆரட்டைக் கேட்டனி எண்டு சொல்லேல்லையே. ஆக்கள் சாப்பிட எழும்ப முன்னம் திரும்ப ஏறி, அதையும் சொல்லிப்போட்டு வா.”