கழுத்து வலிக்கு வந்தவர்

கடைசி நிறுத்தத்தில் பயணிகள் இறங்கியதும் ஓட்டுநர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு அடியில் குனிவார். ஆறு சக்கரத்தையும் பார்த்தாக வேண்டும். அதோடு விட்டாரா? வந்த வழியே நடந்துபோய், வண்டி தூக்கிப்போட்ட பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். யார் மேலாவது ஏற்றிவிட்டோமோ என்ற பயம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு பூனைகூட அடிபட்டதில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே, சத்தியமா!" என்று நடத்துநர் தலையில் அடித்துக்கொள்வார். ஐந்து நிமிஷம் முகம் தெளியும். பிறகு, "நீ நல்லா பாத்தியாடா?" பழைய குருடி, கதவைத் திறடி!

தெருமுனை டாக்டரம்மாவிடம் அவர் போனது கழுத்து வலிக்கு. இரண்டு தடவை தைலம் எழுதி அனுப்பினார் அந்த மகராசி. மூன்றாம் தடவை, உட்கார்ந்தவர் வாசலை ஏழெட்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"யாரைத் தேடுறீங்க?"

"வர்ற வழியில ஒரு பெரியவரைத் தோள்ல இடிச்சுட்டேன்மா. விழுந்திருப்பாரோன்னு..."

இரண்டு தடவை கோட்டை விட்டோமே என்று டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. "இப்படித் திரும்பத் திரும்பப் பாக்காம இருக்க முடியலையா?"

மனிதர் பொலபொலவென்று அழுதுவிட்டார். சட்டைப்பையிலிருந்து ராஜினாமாக் கடிதம் வெளியே வந்தது. "எனக்குப் பைத்தியமாம்மா?"

"இல்லவே இல்ல. இது ஓசிடி, ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து பாக்க வைக்கிற மனநோய். மருந்து தர்றேன். ஆனா மருந்து பாதிதான் கேக்கும். பயம் வந்தாலும் போய்ப் பாக்காம இருக்கப் பழகணும், கொஞ்சங் கொஞ்சமா. யாரும் ஆறுதலும் சொல்லக் கூடாது, அதுதான் இதுக்குத் தீனி. மூணு மாசம் அந்தக் கடுதாசியைக் கொடுக்காதீங்க."

முதல் வாரம் ஒரு சக்கரத்தைப் பார்க்காமல் விட்டார். பிறகு ஒரு பள்ளம். டார்ச் வீட்டோடு தங்கியது. இன்றைக்கு வந்த வழியே திரும்பி நடப்பதே கூடாது என்று பேச்சு. வீடு அதே வழியில் என்பதால் டாக்டரம்மாவும் அந்த வண்டியில்தான் இருந்தார்.

கடைசி வளைவில் வண்டி தடக்கென்று குலுங்கியது. கண்ணாடியில் ஒரு பார்வை, வெறும் சாலை. இறங்கியபோது ஓட்டுநரின் சட்டை நனைந்திருந்தது. நடத்துநர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பாவம், நடத்துநர் சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மாடி, எத்தனையோ பிரசவம் பார்த்தவர் டாக்டரம்மா. இப்படி ஒரு நெஞ்சுரத்தைப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

ஓட்டுநர் வாயை மூடினார். வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். விரல்கள் சட்டை நுனியைக் கசக்கிப் பிடித்திருந்தன. தெருமுனை வரை அந்தக் கழுத்து திரும்பவில்லை.