குளியல் நாற்காலியின் குறுக்குக் கம்பி

அடுகோடியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து நாங்கள் ஏழெட்டுப் பேர் பட்டறை நடத்துகிறோம். முதலாளி என்று யாரும் கிடையாது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வேண்டிய சாமான்களை நாங்களே யோசித்துச் செய்து விற்கிறோம். வாடகையும் கூலியும் அதிலேயே வந்துவிட வேண்டும். செய்யும் பொருளின் வரைபடத்தை ஒளித்து வைப்பதில்லை. இணையத்தில் போட்டுவிடுவோம், எந்த ஊரில் எவர் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம். வரைவது என் பொறுப்பு. கம்ப்யூட்டர் தட்டிப் பழகிய கை, வெல்டிங் வராது. வாய் மட்டும் நன்றாக வரும்.

எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வரைபடம் வெளியே போகுமுன், அந்தப் பொருளை அதுவரை பார்க்காத ஒருவர் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. தாளில் என்ன விடுபட்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரியவரும்.

வயதானவர்கள் உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி வரைந்திருந்தேன். செய்து பார்க்க வந்தவர் பொம்மனஹள்ளியில் இருக்கும் வெல்டர் அக்கா. அத்திபெலேயில் எங்களைப் போலவே பட்டறை தொடங்கியிருந்தவர்கள் அந்த வரைபடம் கேட்டுக் காலையிலிருந்து போன் மேல் போன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம், அக்கா பாதி வேலையில் நிமிர்ந்தார்.

“தம்பி, பின்னாடி இந்தக் குறுக்குக் கம்பி எவ்ளோ ஒசரத்துல? இதுல போடலியே?”

“தரையிலருந்து ஒரு சாண், அக்கா. நீங்க வைங்க, நான் அப்புறம் எழுதிடறேன்.”

எழுதவில்லை. சத்தியமாக மறந்துபோனேன். நாற்காலி கல் மாதிரி நின்றது. சோதித்தவர் என்று அக்காவின் பெயரைப் போட்டு அன்றைக்கே வரைபடத்தை இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

அத்திபெலேக்காரர்கள் கம்பியை இருக்கைக்கு அடியிலேயே வைத்துவிட்டார்கள். கால்கள் விரிந்துபோய், அவர்களில் ஒருவரின் அம்மா குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

கொட்டகையில் கூட்டம் போட்டோம். உயரமே எழுதாத தாளை வைத்து அக்கா எப்படிச் சரியாகச் செய்தார் என்று எல்லோரும் கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கேவலமான ஆள் நான்!

“நானே குத்துமதிப்பா வெச்சிட்டேன். கேட்டிருக்கணும், என் தப்புதான்” என்றார் அக்கா.

அதற்குப் பிறகு சோதித்துப் பார்க்கும் வேலையை அவருக்கு யாரும் தரவில்லை. தரச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மறுவாரம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு அத்திபெலே போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். விழுந்த அம்மா கட்டிலில் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரோ வெல்டிங் பண்ற பொம்பள தப்பு பண்ணிட்டாளாமே. அவள ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. பாவம், வேலைய விட்டு நிறுத்திடாதீங்க.”

“சரிம்மா” என்றேன்.