குற்றாலத்தில், பட்டியலில் இல்லாத ஓர் அறை

காலை 7.25. தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கியதும் மலையைத் தேடினேன், மலை இல்லை. மேற்கே அது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. கோயில் கோபுரத்தின் மேல் பாதியும் அதற்குள் போயிருந்தது. ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை. சாரல் விழுவது கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டை மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

நான் அருவிக்காக வரவில்லை. நாம் கைப்பேசியில் பேசுவது, அனுப்புவது எல்லாம் எந்த வழியாகப் போகின்றன என்று ஒரு நாள் கூடவே இருந்து பார்க்க வந்தேன். அழைத்துப்போக வந்தவர் பேச்சிமுத்து. வயது முப்பத்து நான்கு, வீடு குத்துக்கல்வலசை. இணையச் சேவை தரும் ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார். வரும் மாதம் ஒப்பந்தம் முடிகிறது.

காலை 9.10. நிறுவனத்தின் நிலையம் ஒரு வங்கிக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. வெளியே நடுங்க வைக்கும் ஈரம், உள்ளே அதைவிடக் குளிர். ஆள் உயர அலமாரிகளில் ரூட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன.

"எல்லாம் துண்டு துண்டாத்தான் போகும் சார்" என்றார் பேச்சிமுத்து. "ஒவ்வொரு துண்டு மேலயும் இங்கன ஒரு எண்ணை ஒட்டுதோம். நடுவுல இருக்க ரூட்டர் விலாசத்தைப் பாக்காது. எண்ணைப் பாக்கும், அதைக் கிழிச்சிட்டு வேற எண்ணை ஒட்டும், தள்ளிவிடும். யாருக்குப் போகுதுன்னு அதுக்குத் தெரியாது. எந்த எண்ணு எந்த வழியாப் போகணும்னு முன்னாலேயே போட்டு வைக்கதுதான் நம்ம வேலை."

தென்காசியிலிருந்து கேரள எல்லையோரம் இருக்கும் புலியறைக்குப் போகும் வழியைக் கேட்டுத் திரையில் ஒரு கட்டளை தந்தார். தென்காசி என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரி புலியறை. நடுவில் ஒன்றுமில்லை.

"நடுவுல யாரும் இல்லையா?"

"இருக்காங்க. காட்டிக்க மாட்டாங்க. அப்படித்தான் அமைச்சிருக்கோம்."

அன்றைய வேலை சுத்தம் செய்வது. ஆவணத்தில் இல்லாத பாதைகளைப் பிற்பகல் மூன்று மணிக்குள் அழித்து, சென்னைக்குப் படிவம் அனுப்ப வேண்டும். இந்தப் பாதைகளை எல்லாம் அமைத்தவர் சுடலைமுத்து. பேச்சிமுத்துவின் மூத்த சக ஊழியர். பதினோரு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதன்மைப் பாதைகளுக்கு எண் வைப்பார். அவை அறுந்தால் காவலுக்கு நிற்கும் மாற்றுப் பாதைகளுக்கு எல்லைத் தெய்வங்களின் பெயர். மாடன், கருப்பசாமி, பேச்சி. "உன்னைத்தாம்லே கடையநல்லூர் ரோட்டுல காவலுக்கு வச்சிருக்கேன்" என்று இவரிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

ஆவணத்தில் இல்லாமல் மிஞ்சியது ஒன்றுதான். பெயர் இசக்கி, அதுவும் ஓர் எல்லைத் தெய்வம். புலியறைக்குப் போவது. பக்கத்துக் குறிப்பில் ஆங்கில எழுத்தில் 'தொடாதே' என்று மட்டும் இருந்தது.

புலியறைக்கு ஆவணப்படி ஏற்கெனவே இரண்டு பாதைகள் உண்டு. இது மூன்றாவது, அதிகப்படி. பேச்சிமுத்து விரலை விசைப்பலகையில் வைத்துவிட்டு எடுத்தார். ரூட்டரின் பதிவேட்டைத் திறந்தார். இந்தச் சாரல் பருவத்தில் மட்டும் முதல் இரண்டு பாதைகளும் மூன்று முறை அறுந்திருந்தன. மூன்று முறையும் இரண்டும் ஒரே நொடியில்.

"வரைபடத்துலதான் சார் வேற வேற வழி" என்றார் மெதுவாக. "செங்கோட்டை ரோட்டுப் பாலத்துல ரெண்டும் ஒரே குழாய்க்குள்ள போகுது. ரோடு வேலைக்கு அங்கன தோண்டுதாங்க."

அந்த மூன்று முறையும் எல்லாம் இசக்கி வழியாகப் போயிருந்தன. யாரும் புகார் செய்யவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

புலியறையில் உள்ள சிறு மருத்துவமனையில் இதய மருத்துவர் கிடையாது. அங்கே எடுக்கும் ஈசிஜியைத் தென்காசியில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்குள்ள கைப்பேசிக் கோபுரமும் இதே இழையில்தான் தொங்குகிறது. பேச்சிமுத்து அங்கே கூப்பிட்டு, பாதைகள் கடைசியாக அறுந்த நேரமான செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு ஏதாவது அனுப்பினீர்களா என்று கேட்டார்.

"ஒரு ஈசிஜி அனுப்புனோம்" என்றார் செவிலியர். "உடனே வண்டில ஏத்தச் சொன்னாங்க. அந்த அண்ணாச்சி பொழச்சிட்டாரே. ஏன் கேக்கிய?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

இசக்கி எந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று எண்களைப் பிடித்துக்கொண்டே போனார். முதல் நிறுத்தம் குற்றாலம். நிறுவனத்தின் பட்டியலில் குற்றாலம் கருவி அறைக்கு எதிரே, 'காலி செய்யப்பட்டது' என்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு.

பகல் 12.05. ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். தூரம் ஐந்து கிலோமீட்டர்தான். ஓட்டுநர் காசிம் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"குளிக்கத் தடை போட்டிருக்கு சார். தண்ணி ஆளைத் தள்ளுது. இன்னைக்குக் குரங்கு மட்டும்தான் குளிக்கும்."

"நாங்க குளிக்கப் போகல அண்ணாச்சி."

"குளிக்காம குத்தாலம் போற மொத ஆளு நீங்கதான்."

கடைகள் பாதி மூடியிருந்தன. சிப்ஸ் கடையில் அடுப்பு எரியவில்லை. அருவி எங்கிருந்தும் தெரியவில்லை. சத்தம் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. நாங்கள் தேடி வந்த அறை, மூடிக்கிடக்கும் ஒரு லாட்ஜின் பின்கட்டில் இருந்தது. உரிமையாளர் துபாயில் இருக்கிறாராம். சுவரெல்லாம் பாசி. காசிம் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

12.40. பூட்டு திறந்து கொண்டியில் தொங்கியது. உள்ளே இருட்டில் சிறு பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. சிமெண்ட் தரையில் ஈரக் காலடிகள் போயிருந்தன; திரும்பியிருந்தன. பேட்டரிகளின் மேல்புறம் அப்போதுதான் துடைத்ததுபோல இருந்தது. சுவரில் சாக்பீஸால் எழுதிய தேதிகள், வரிசையாக, வாரம் ஒன்று. பேச்சிமுத்து டார்ச்சை அடித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார்.

"இது சுடலைமுத்து அண்ணாச்சி எழுத்து சார். அவரு நோட்டெல்லாம் என்கிட்ட இருக்கு. இதேதான்."

வரிசை அவர் இறந்த தேதியில் நிற்கவில்லை. அதே சாய்வில், அதே சுழிப்பில் பதினோரு மாத வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்தன. கடைசி தேதி அன்றைய தேதி. தொட்டதும் விரலில் ஒட்டியது.

வாசலில் வெளிச்சம் மறைந்தது. இடுப்பில் ஐந்து லிட்டர் கேனுடன் ஒரு பெண் நின்றிருந்தார். பேச்சிமுத்து சுவரோடு ஒட்டிவிட்டார்.

"என்ன பேச்சி, பேயைக் கண்ட மாதிரி முழிக்கே?"

சுடலைமுத்துவின் மனைவி செல்லம்.

"மதினி... இந்த எழுத்து?"

"என் எழுத்துதான். நோட்டுலயும் எப்பவும் நான்தான் எழுதுவேன். அவரு சொல்லுவாரு, நான் எழுதுவேன். அவரு எழுதுனா கோழி கெளறுன மாதிரில்லா இருக்கும்." கேனைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும். இது நின்னா புலியறைக்காரங்களுக்கு நாதியில்லன்னு சொல்லிட்டே இருப்பாரு. யாராவது வந்து சாவியை வாங்குவீங்கன்னு பாத்தேன். யாரும் வரல."

 சாவி கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அறை காலியாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிற்பகல் 2.20. சென்னையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். பேச்சிமுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"இன்னும் ஒண்ணு நிக்குதே, ஏன்?"

"குற்றாலம் வழியாப் போகுது சார். அது ஒண்ணுதான் புலியறைக்கு உண்மையான மாற்று."

"குற்றாலம் ரூம் காலி பண்ணியாச்சே."

"நான் அதுக்குள்ளதான் சார் நிக்கேன்."

"லிஸ்ட்ல இல்ல பேச்சிமுத்து."

"மெஷின் ஓடுது சார். பதிவேட்டை அனுப்பியிருக்கேன், பாருங்க. நான் இதை அழிக்க மாட்டேன். அழிக்கணும்னா வேற ஆளை அனுப்புங்க. எனக்கு ஒப்பந்தம் போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"இங்க பாரு. லிஸ்ட்ல இல்லாத ரூம் வழியா பாதை போகாது. போகாத பாதையை நீ எப்படி அழிப்ப? வேலை முடிஞ்சதுன்னு போட்டு அனுப்பு. ஒப்பந்தத்தை அப்புறம் பேசிக்கலாம்."

2.50. படிவம் போய்ச் சேர்ந்தது. செல்லம் கடைசி பேட்டரிக்கு மூடி போட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மதினி."

"அப்ப வெளிய வாங்க. பூட்டணும்."

சாரல் கனத்திருந்தது. அவர் பூட்டை இழுத்துப் பார்க்கும்வரை வெளிச்சுவரோரம் ஒதுங்கி நின்றேன். தலைக்கு நேராக மின் மீட்டர் இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் மின் கட்டண அட்டை, இந்த மாதம் வரை பணம் கட்டிய குறிப்புகளுடன். அதில் நிறுவனத்தின் பெயர் இல்லை. அந்த இணைப்பு சுடலைமுத்து பெயரில் இருக்கிறது.