சந்தனம் தாங்குகிற தாள்

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஏழாம் திருவிழா எங்கள் வீட்டாருடையது. எங்கள் வீட்டார் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அது மனைவி வீட்டாரின் திருவிழா. அந்தக் குடும்பத்தில் கலியாணம் செய்த அன்றிலிருந்து வாசலில் வாழை கட்டுகிற உரிமையை மட்டும் எனக்குத் தந்திருக்கிறார்கள். மற்ற எல்லா உரித்தும் மனைவியின் தமக்கையாருக்கு, அதாவது என் மச்சாளுக்கு. கனடாவில் இருந்தாலும் வருடா வருடம் அந்த ஒரு நாளுக்காக வந்து இறங்கி, வெறுங்காலோடு வெளிவீதியில் கற்பூரச்சட்டி எடுப்பார். சட்டியை இறக்கிய கையாலேயே, என் வாழை சரிந்து நிற்கிறது என்று ஊருக்குச் சுட்டிக்காட்டுவார்.

இந்த முறை அவரால் வர முடியவில்லை. பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, மூன்று மாதம் ஆசுபத்திரியில் கிடந்து, இப்போது மகள் வீட்டில் ஓர் அறைக்குள் இருக்கிறார். அவர் ஆசுபத்திரியில் கிடந்தபோதுதான் இங்கே அவருடைய சிநேகிதி காலமானார். பள்ளிக்கூடம் தொடங்கிக் கற்பூரச்சட்டி வரை பக்கத்திலேயே நடந்த மனுசி. கேட்டால் மச்சாளும் போய்விடுவார் என்று பயந்து நாங்கள் மறைத்தோம். "அவ கோயிலுக்குப் போட்டா", "அவ நித்திரை", "அவ கிழங்கு உரிச்சுக்கொண்டிருக்கிறா" என்று தொலைபேசியில் நாங்கள் சொன்ன பொய்களை எழுதினால் ஒரு புராணம் தேறும். அம்மன் கோயில் தவறாமல் கும்பிடுகிற குடும்பம் வேறு.

உண்மை தெரிந்த நாளிலிருந்து மச்சாள் எங்கள் வாயிலிருந்து வருகிற எதையும் நம்புவதில்லை. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"திருவிழா நல்லா நடந்தது" என்றாள் மனைவி.

"ஆர் கண்டது?" என்றார் மச்சாள். "போனிலை நீங்கள் வெட்டிக் கொத்தித்தான் காட்டுவியள். எனக்குக் கையிலை பிடிக்க ஒண்டு வேணும். முழுத் திருவிழாவையும் டிவிடியிலை போட்டு, அம்மாளாச்சியின்ரை படத்தோடை பெட்டியா அனுப்புங்கோ. பாத்திட்டுப் படத்தைச் சாமியறையிலை வைக்கப்போறன்."

அவருடைய அறையில் ஒரு பழைய டிவிடி பிளேயர் இருக்கிறது. ஒரே பொத்தான், இடது கையால் அமத்தலாம். அடுத்த வெள்ளிக்கிழமை கனடா திரும்புகிற ஓர் உறவினர் கொண்டுபோகச் சம்மதித்தார். வீடியோக்காரர் டிஸ்க்கைத் தந்தார், கூடவே அம்மன் படத்தையும் பென் டிரைவில் போட்டுத் தந்தார். கவர் கேட்டேன். "இந்தக் காலத்திலை ஆர் அண்ணை கவர் கேக்கினம்?" என்று, நான் ஏதோ மாட்டுவண்டிக்கு அச்சாணி கேட்டதுபோலப் பார்த்தார்.

சரி, நானே செய்கிறேன் என்றேன். கொழும்பில் வேலை செய்கிற மகன் விட்டுப்போன கொம்பியூட்டரும் பிரின்டரும் வீட்டில் தூசு பிடித்துக் கிடந்தன. பழைய படப்பெட்டி ஒன்றும் இருந்தது. கறுத்தப் பெட்டி, வெளியே கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் உறை. ஒரு தாளில் படத்தை அடித்து, ஓரம் வெட்டி, முதுகுக்கு இரண்டு மடிப்பு வைத்து அந்த உறைக்குள் செருக வேண்டும். இவ்வளவுதான் வேலை. இவ்வளவுதான் வேலை என்று நினைத்துத் தொடங்கிய எந்த வேலையை நான் அன்றன்றைக்கே முடித்திருக்கிறேன்?

சனிக்கிழமை, மகன் விட்டுப்போன சாதாரணத் தாளில் அடித்தேன். மார்கழிப் பனிக்குள் நிற்பதுபோல அம்மன் மங்கலாக வந்தா. உறைக்குள் செருகியதும் தாள் நெளிந்து சுருங்கியது. வெளியே இழுத்து மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் மனைவி, சாமிப் படத்தைக் கண்டால் எல்லோரும் செய்வதுபோல, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தாள். அம்மனின் நெற்றி கரைந்து மூக்குத்தி வரை ஓடியிருந்தது.

"இஞ்சாருங்கோ, உதென்ன பேப்பர்? பொட்டு வைக்க முகம் போகுது! அக்காவும் சந்தனம் வைப்பாவெல்லே?"

அதுவரை எனக்கு அந்த யோசனை வரவில்லை. தாள் செய்கிற கொம்பனிக்காரனுக்கும் வந்திராது. பெட்டியில் எத்தனையோ எழுதுகிறான், சந்தனம் தாங்குமா என்று மட்டும் எழுதுவதில்லை.

ஞாயிறு பளபளப்பான போட்டோப் பேப்பர் வாங்கினேன். "வெளிநாட்டுக்கெண்டால் இதுதான்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். உண்மையிலேயே வடிவு. குத்துவிளக்குகள் எரிவதுபோல இருந்தன. மடித்தேன். மடிப்பில் மை உதிர்ந்து, வெள்ளைக் கோடு ஒன்று ஒரு விளக்கை அணைத்துவிட்டது. சந்தனம் வைத்தால் நிறம் தாளில் நிற்காமல் சறுக்கிக்கொண்டு போனது.

திங்கட்கிழமை ஆர்ட் பேப்பர். கலண்டர் அடிக்கிற தாள் என்றார்கள். எங்கள் பிரின்டரின் மை அதில் ஊறவேயில்லை, துளித்துளியாக மேலே நின்றது. காயட்டும் என்று வெயிலில் வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, அம்மாளாச்சிக்கே அம்மை போட்டிட்டுதே?"

எனக்குக் கோபம் வந்தது. பழுதாய்ப்போன தாள்களையெல்லாம் சேர்த்துச் சுருட்டினேன். அவள் குறுக்கே நின்றாள்.

"எங்கை கொண்டுபோறியள்?"

"குப்பைக்கு."

"சாமிப் படத்தையோ?"

"பின்னை எரிக்கட்டோ?"

"வாயைக் கழுவுங்கோ! எரிக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது. வைச்சுக் கும்பிடுங்கோ."

சுருட்டிய தாள்களை விரித்துச் சாமியறைக்குக் கொண்டுபோனேன். நானும் எறிந்திருக்க மாட்டேன் என்பது வேறு விசயம். இப்படியாக எங்கள் சாமியறையில் ஏழு அம்மன் எழுந்தருளினா: மூக்கு ஓடிய அம்மன், விளக்கு அணைந்த அம்மன், அம்மை போட்ட அம்மன் என்று. ஏழுக்கும் காலையில் பூ வைக்க வேண்டும். முற்றத்துச் செவ்வரத்தை இரண்டு நாளில் மொட்டையானது. இன்னும் நாலு வகைத் தாள் பார்ப்பதென்றால் அயல் வீட்டு மரத்துக்கும் போக வேண்டிவரும்.

மனைவிதான் வழி சொன்னாள். "உங்கடை மூஞ்சையைப் போட்டுப் பழகுங்கோவன். அதை எங்கையும் எறியலாம்."

நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மதிப்பீடு அது. ஆனால் யோசனை நல்ல யோசனை. திருவிழாவின் பெயர், கோயிலின் பெயர் எல்லாவற்றையும் அழித்தேன், அவையும் வீணாகக் கூடாதல்லவா. அம்மன் இருந்த இடத்தில் அடையாள அட்டைக்கு எடுத்த என் படத்தை வைத்தேன். பொலிஸ் பிடித்து இருத்தியவனின் முழி. சுற்றிவர இருந்த திருவாசியையும், இரண்டு குத்துவிளக்கையும், மாலையையும் எடுக்கவில்லை. அவற்றின் நிறம் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டுமே.

அதன் பிறகு வேலை சுகமாக ஓடியது. ஸ்டிக்கர் பேப்பரில் அடித்தேன், சுருண்டது. மனைவி அதைக் குப்பைவாளிக்கு அடியில் விரித்தாள். இன்னொன்றின் மேல் சோற்றுப்பானையை இறக்கினாள். பளபளப்பில்லாத, அட்டைபோல மொத்தமான தாள் ஒன்று மட்டும் நன்றாக அமைந்தது. வடிவாக மடிந்தது, உறைக்குள் நிமிர்ந்து நின்றது. சந்தனம் வைத்தேன். என் நெற்றி கரைந்தது. என்ன தாள் வாங்கினாலும் என் நெற்றி கரைந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை பஸ் ஏறி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போனேன். பலாலி வீதியில், பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்கள் ஆய்வுகளை அடித்துக் கட்டுகிற ஒரு கடை. நடத்துகிறவர் நடுத்தர வயதுப் பெண். என் கதையைச் சிரிக்காமல் கேட்டார்.

"பேப்பரிலை பிழையில்லை அண்ணை. உங்கடை பிறின்ரர் மை தண்ணி மை. தங்கத்திலை அடிச்சாலும் கரையும். லேசரிலை அடியுங்கோ."

ஐந்து நாளாகப் படியேறிய கடைகளில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. பேப்பர் விற்கிறவர்கள் பேப்பரைத்தானே விற்பார்கள்.

"சந்தனம் தாங்குமோ தங்கச்சி?"

"இண்டை வரைக்கும் ஒரு புரொபசரும் தீசிஸுக்குச் சந்தனம் வைக்கேல்லை. வைச்சுப் பாப்பம்."

காலையில் கோயிலிலிருந்து கொண்டுவந்த சந்தனம் அவருடைய மேசையில் வாழையிலைத் துண்டில் இருந்தது. அம்மன் படத்தை அடித்தார். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு நெற்றியில் வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். கரையவில்லை. அந்தக் கடையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் பட்டம் வாங்கட்டும் என்று மனதார நேர்ந்தேன்.

மொத்தத் தாளில் அடிக்க முடியுமா என்று கேட்டேன். மிசினுக்குள் இறுகும் என்றார். மெல்லிய தாளிலேயே கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, உறவினர் புறப்படப்போகிறார். உறைக்குள் அம்மன் நெளிந்து நிற்கிறா. பின்னால் முண்டு கொடுக்க ஒரு மொத்தத் தாள் வேண்டும். வீட்டில் மிஞ்சியிருந்தது ஒன்று. அளவாக வெட்டி, மடித்து, தயாராக இருந்தது. அதில் என் முகம் இருந்தது. பெட்டி கறுப்பு, உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? அம்மனுக்குப் பின்னால் என்னைச் செருகினேன். அம்மன் நிமிர்ந்து நின்றா.

ஒரு கிழமை கழித்து, பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள். அந்தப் பக்கத்து அழுகை எனக்கே கேட்டது.

"எப்ப நடந்தது? இந்த முறையும் என்னட்டை மறைச்சுப் போட்டியளே!"

"என்னக்கா நடந்தது?"

"தம்பி எப்ப போனவர்? அதைச் சொல்லு முதல்!"

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். "அவர் இஞ்சைதான் இருக்கிறார். மரவள்ளிக்கிழங்கு உரிச்சுக்கொண்டிருக்கிறார்."

"அவளையும் உப்பிடித்தானே சொன்னனீங்கள், கிழங்கு உரிக்கிறாள் எண்டு!"

நான் கத்தியை வைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினேன். "மச்சாள், நான்தான் கதைக்கிறன்."

"குரலை நம்பமாட்டன். முகத்தைக் காட்டுங்கோ."

காட்டினேன். அங்கே மகள் தொலைபேசியைப் பிடித்திருக்க, மச்சாள் இடது கையில் ஒரு தாளைப் பிடித்திருந்தார். திருவாசி, இருபுறமும் விளக்கு, மாலை, நடுவில் நான். மரண அறிவித்தல் இதைவிடத் திருத்தமாக அடிக்க முடியாது. பெட்டியிலிருந்து இழுத்தபோது இரண்டு தாளும் ஒன்றாக வந்திருக்கின்றன. அப்படியே சாமியறையில் வைத்து, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் காலை துடைக்க எடுக்கும்போது பின்தாள் கழன்று விழுந்திருக்கிறது.

மச்சாள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிறவரைப்போல.

"பல்லைக் காட்டுங்கோ தம்பி."

காட்டினேன். மேலே பல் விழுந்த ஓட்டை பழைய இடத்திலேயே இருந்தது. அது சாட்சி சொல்லியிருக்க வேண்டும். மூச்சு விட்டார்.

நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பழக்கம் விட்டுப்போனதால் உண்மை சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஏழு அம்மனும் செவ்வரத்தை மரமும் வந்த இடத்தில் அவருடைய வாயின் இடது பக்கம் சிரித்தது. வலது பக்கம் சும்மா இருந்தது.

"திருவிழா பாத்தியளோ?" என்று கேட்டேன்.

"நாலு தரம் பாத்திட்டன். சட்டி எடுக்கிற ஆக்களுக்குள்ளை அவள் இல்லை. இல்லைத்தான்." கையிலிருந்த தாளை மடியில் வைத்தார். பிறகு, "உங்கடை வாழை இந்த முறையும் சரிஞ்சுதான் நிக்குது" என்றார். "அதைக் கண்டாப் பிறகுதான் திருவிழா நடந்ததெண்டு நம்பினனான்."

மனைவி பின்னாலிருந்து கத்தினாள். "அந்தப் பேப்பரைக் கிழிச்சு எறியக்கா! பாக்கவே அபசகுனம்!"

"எப்பிடியடி எறியிறது? அம்மாளாச்சியின்ரை சந்தனம் ஊறின பேப்பரெல்லே. எறியவும் ஏலாது, எரிக்கவும் ஏலாது."

மகளிடம் கொடுத்து, பழையபடி அம்மன் படத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அம்மனின் நெற்றியில் ஒரு புள்ளிகூடக் கரையவில்லையாம். என் நெற்றிதான் கரைந்து மூக்கு வரை வந்துவிட்டதாம்.

"பரவாயில்லைத் தம்பி," என்றார். "பின்னாலைதானே நிக்கிறியள், தெரியாது."